தாக்குதல் வரிசை வீரர் மதிப்பீடு (அமெரிக்கக் காற்பந்தாட்டம்)

தாக்குதல் வரிசை வீரர் மதிப்பீடு என்பது, அமெரிக்கக் கல்லூரிக் காற்பந்தாட்டத்தில் தாக்குதல் வரிசையில் விளையாடும் ஒருவர், தொழில்முறை ஆட்டத்திற்கு ஏற்றவரா என்று அணிகள் ஆராய்ந்து முடிவு செய்யும் முறை ஆகும். தேசியக் காற்பந்துக் கூட்டமைப்பைச் (என்.எஃப்.எல்.) சேர்ந்த 32 அணிகளும் ஆண்டுதோறும் நடைபெறும் டிராஃப்ட் எனப்படும் வீரர் தேர்வுக்கு முன்னர் இம்மதிப்பீட்டைச் செய்கின்றன. உடல் அளவுகள், ஆட்டப் பதிவுகள், மருத்துவ அறிக்கை, நேர்காணல் ஆகிய நான்கும் இதன் அடிப்படைகளாகும். இவற்றுள் எதற்கு எவ்வளவு மதிப்புத் தருவது என்பதிலேயே அணிகள் வேறுபடுகின்றன; பெரும் வெற்றிகளும் பெரும் பிழைகளும் அதிலிருந்தே விளைந்துள்ளன.

தாக்குதல் வரிசையின் பணி

தாக்குதல் வரிசையில் ஐவர் நிற்பர். நடுவில் நின்று பந்தைப் பின்னால் தருபவர் சென்டர் ஆவார். அவருக்கு இருபுறமும் கார்டு இருவரும், வெளிப்புறத்தில் டாக்கிள் இருவரும் நிற்பர். இவர்களுக்கு இரண்டு பணிகள் உண்டு. பந்தை ஏந்தி ஓடுபவருக்கு எதிரணியினரைத் தள்ளி வழி திறப்பது ஒன்று. பந்தை எறியும் குவார்ட்டர்பேக்கை எதிரிகள் நெருங்காமல் காப்பது மற்றொன்று.

வலக்கையால் எறியும் குவார்ட்டர்பேக்கிற்கு இடப்புறமும் பின்புறமும் கண்ணுக்குத் தெரியாத பகுதி ஆகும். அதைக் காப்பவர் இடது டாக்கிள். 1985 நவம்பர் 18 அன்று நியூயார்க் ஜயன்ட்ஸ் அணியின் லாரன்ஸ் டெய்லர் வீழ்த்தியதில் வாஷிங்டன் அணியின் குவார்ட்டர்பேக் ஜோ தைஸ்மனின் கால் முறிந்தது. அத்துடன் அவரது ஆட்ட வாழ்வு முடிவுற்றது. இத்தகைய வேகமான தாக்குநர்கள் பெருகியதால் இடது டாக்கிளின் மதிப்பும் ஊதியமும் பின்னர் மிகவும் உயர்ந்தன.

மதிப்பீட்டின் கடினம்

பந்தை எறிபவருக்கும், ஓடுபவருக்கும், பிடிப்பவருக்கும் யார்டுக் கணக்கு உண்டு. தாக்குதல் வரிசை வீரருக்கு அத்தகைய கணக்கு எதுவும் இல்லை. அவர் காத்த பக்கத்திலிருந்து குவார்ட்டர்பேக் வீழ்த்தப்பட்டாலும், குற்றம் அவருடையதா, அருகில் நின்றவருடையதா, பந்தை நெடுநேரம் வைத்திருந்த குவார்ட்டர்பேக்கினுடையதா என்பது திட்டத்தை அறிந்தவர்க்கே தெரியும். எனவே ஸ்கவுட் எனப்படும் தேர்வாளர்கள் ஒவ்வோர் ஆட்டத்தையும் பதிவில் மீண்டும் மீண்டும் பார்த்தே முடிவுக்கு வர வேண்டியுள்ளது.

உடல் அளவுகள்

தொழில்முறை டாக்கிள் ஒருவர் பொதுவாக 195 சென்டிமீட்டர் உயரமும் 140 கிலோகிராம் எடையும் கொண்டவராக இருப்பார். சென்டர், கார்டு ஆகியோர் சற்றுக் குட்டையாக இருக்கலாம். எடையைக் காட்டிலும் கையின் நீளம் கூர்ந்து நோக்கப்படுகிறது. நீண்ட கை உடையவர் எதிரியின் மார்பை முதலில் தொடுவார். தம் உடலை அவருக்கு எட்டாமல் வைத்திருப்பார். டாக்கிளுக்கு 33 அங்குலம், அதாவது ஏறத்தாழ 84 சென்டிமீட்டர், குறைந்த அளவாகப் பல அணிகளால் கருதப்பட்டு வந்துள்ளது.

இவ்வெல்லை உறுதியான விதி அன்று. லூசியானா மாநிலப் பல்கலைக்கழகத்தின் வில் கேம்பல் 2025 இல் அளக்கப்பட்டபோது அவரது கை 32⅝ அங்குலமே இருந்தது. அவர் கார்டாக மாற வேண்டியிருக்கும் என்ற வாதம் எழுந்தது. ஆயினும் நியூ இங்கிலாந்து பேட்ரியட்ஸ் அணி அவரை நான்காவது வீரராகத் தேர்ந்து இடது டாக்கிளாகவே களமிறக்கியது.

ஆட்டப் பதிவுகளில் நோக்கப்படுபவை

*காலடி:* எறிதலைக் காக்கும்போது டாக்கிள் பின்னோக்கியும் பக்கவாட்டிலும் ஒருசேர நகர வேண்டும். கால்கள் ஒன்றையொன்று தொடாமலும், குதிகால் தூக்காமலும், எதிரி வளைந்து வரும் இடத்தை அவருக்கு முன்னரே அடைய வேண்டும். காலடி தாமதமானவர் கையை நீட்டித் தடுக்க முற்பட்டுச் சமநிலை இழப்பார்.

*இடுப்பும் முழங்காலும்:* முழங்காலை மடித்துத் தாழ்வாக நிற்பவரே வலிமையானவர். இடுப்பை மட்டும் வளைத்து முன்னால் சாய்பவரை எதிரி எளிதில் இழுத்துத் தள்ளிவிடுவார். இக்குறை கல்லூரியில் உடற்பலத்தால் மறையலாம், தொழில்முறையில் மறைவதில்லை.

*கைகள்:* கைகள் எதிரியின் தோள்களுக்கு உட்புறமாக மார்பில் பதிய வேண்டும். வெளிப்புறமாகப் பிடித்தால் விதிமீறலாகக் கருதப்பட்டு 10 யார்டு தண்டம் விதிக்கப்படலாம்.

*ஊன்றி நிற்றல்:* எதிரி நேராக மோதித் தள்ளும்போது ஓரிரு அடி பின்வாங்கினாலும் மீண்டும் கால் ஊன்ற முடிகிறதா என்று பார்க்கப்படும். முதல் மோதலில் தோற்றபின் மீளும் திறனைத் தேர்வாளர்கள் பெரிதும் மதிக்கின்றனர்.

எதிரணியின் தரமும் கருதப்படும். வலுவற்ற அணிகளுக்கு எதிரான பத்து ஆட்டங்களைவிட, தொழில்முறைக்குச் செல்லவிருக்கும் சிறந்த தாக்குநர் ஒருவருக்கு எதிரான ஓர் ஆட்டம் அதிகம் உணர்த்தும். அலபாமா மாநிலத்தின் மொபீல் நகரில் நடைபெறும் சீனியர் பவுல் பயிற்சிகளில் ஒருவருக்கொருவர் மோதும் சோதனைகள் இதனாலேயே முக்கியமாகக் கருதப்படுகின்றன.

கல்லூரி ஆட்டமுறையின் தாக்கம்

பல கல்லூரி அணிகள் வீரர்களைக் களம் முழுதும் பரப்பி, பந்தை மிக விரைவாக எறியும் ஆட்டமுறையைக் கையாளுகின்றன. அத்தகைய அணியில் டாக்கிள் இரண்டு நொடி தாக்குப்பிடித்தாலே போதும். தொழில்முறையில் மூன்று நொடிக்கு மேலும் காக்க நேரிடும். சில கல்லூரி வீரர்கள் கையைத் தரையில் ஊன்றி நிற்கும் நிலையில் விளையாடியதே அரிது. எனவே பதிவில் குறை தெரியாதது குறை இல்லாமையால்தானா, அதைச் சோதிக்கும் வாய்ப்பே நேராமையால்தானா என்பதைத் தேர்வாளர் பிரித்தறிய வேண்டியுள்ளது.

இண்டியானாபொலிஸ் சோதனைகள்

தேர்வுக்கு முன்னர் அழைக்கப்பட்ட வீரர்கள் அனைவரும் ஒரே இடத்தில் சோதிக்கப்படுகின்றனர். கம்பைன் எனப்படும் இம்முகாம் 1987 முதல் இண்டியானாபொலிஸ் நகரில் நடைபெற்று வந்துள்ளது. 40 யார்டு ஓட்டம், மல்லாந்து படுத்தபடி 102 கிலோகிராம் எடையைத் திரும்பத் திரும்பத் தூக்குதல், நின்ற இடத்திலிருந்து தாண்டுதல், திசை மாற்றி ஓடுதல் ஆகியவை முதன்மையான சோதனைகள். தாக்குதல் வரிசை வீரர் 40 யார்டை ஏறத்தாழ 5.2 நொடிகளில் கடப்பார். எனினும் ஆட்டத்தில் அவர் அவ்வளவு தொலைவு ஓடுவது அரிது. ஆகவே முதல் 10 யார்டின் நேரமே பயனுள்ளதாகக் கொள்ளப்படுகிறது.

மருத்துவப் பரிசோதனையும் நேர்காணலும் இம்முகாமின் முக்கியப் பகுதிகள். நேர்காணலில் பயிற்றுநர்கள் ஆட்டத்திட்டம் ஒன்றைக் கற்பித்து, சிறிது நேரம் கழித்து அதைப் பலகையில் வரைந்து விளக்கச் சொல்வதுண்டு. எதிரணியின் நிலை மாற்றங்களைக் கண்டு மற்ற நால்வருக்கும் அறிவிக்கும் கடமை சென்டருக்கு இருப்பதால், அவருக்கு இது இன்றியமையாதது. வொண்டர்லிக் எனப்பட்ட அறிவுத்திறன் தேர்வு 2022 முதல் இம்முகாமில் நடத்தப்படவில்லை.

குறிப்பிடத்தக்க எடுத்துக்காட்டுகள்

டோனி மாண்டரிச்: மிச்சிகன் மாநிலப் பல்கலைக்கழகத்தின் இவ்வீரர், உடற்கட்டு, வேகம் ஆகியவற்றால் அதுவரை காணாத தாக்குதல் வரிசை வீரர் எனப் புகழப்பட்டார். 1989 இல் கிரீன் பே பேக்கர்ஸ் அணி அவரை இரண்டாவதாகத் தேர்ந்தது. அவருக்கு முன் தேர்வான டிராய் எய்க்மன், பின் தேர்வான பாரி சாண்டர்ஸ், டெரிக் தாமஸ், டியோன் சாண்டர்ஸ் ஆகிய நால்வரும் பிற்காலத்தில் புகழ்மன்றத்தில் இடம்பெற்றனர். மாண்டரிச் எதிர்பார்ப்பை நிறைவேற்றவில்லை. சில பருவங்களில் விடுவிக்கப்பட்டார். கல்லூரிக் காலத்தில் ஊக்கமருந்து பயன்படுத்தியதை அவரே 2008 இல் ஒப்புக்கொண்டார். இடையில் 1996 முதல் 1998 வரை இண்டியானாபொலிஸ் கோல்ட்ஸ் அணியில் மீண்டும் விளையாடினார்.

ஜோ தாமஸ்: விஸ்கான்சின் பல்கலைக்கழகத்தின் இவ்வீரருக்கு 2006 சனவரியில் முழங்கால் தசைநார் கிழிந்தது. அவர் கல்லூரியிலேயே மேலும் ஓராண்டு தங்கி, நலமடைந்து, சிறந்த உள்வரிசை வீரருக்கான அவுட்லாண்ட் பரிசை வென்றார். 2007 இல் கிளீவ்லாந்து பிரவுன்ஸ் அணி அவரை மூன்றாவதாகத் தேர்ந்தது. 2017 இல் காயமுறும் வரை அவர் ஒருமுறைகூடக் களத்தை விட்டு வெளியேறாமல் தொடர்ந்து 10,363 ஆட்டத் தொடக்கங்களில் விளையாடினார். 2023 இல் புகழ்மன்றத்தில் சேர்க்கப்பட்டார்.

ஜேசன் கெல்சி: சின்சினாட்டி பல்கலைக்கழகத்தில் உதவித்தொகையின்றிச் சேர்ந்து, தற்காப்பு வரிசைக்குப் பின் நின்று ஆடத் தொடங்கியவர். ஏறத்தாழ 127 கிலோகிராம் எடை மட்டுமே இருந்ததால், 2011 இல் ஆறாம் சுற்றில் 191வது வீரராகவே பிலடெல்பியா ஈகிள்ஸ் அணியால் எடுக்கப்பட்டார். விரைவாலும் எதிரணியைப் படிக்கும் அறிவாலும் ஆறு முறை ஆண்டின் சிறந்த சென்டர்களுக்கான முதல் அணியில் இடம்பெற்றார். 2024 இல் ஓய்வு பெற்றார்.

ஆர்லாண்டோ பிரவுன் இளையவர்: ஓக்லஹோமா பல்கலைக்கழகத்தில் சிறந்து விளங்கிய இவர், 2018 சோதனையில் 40 யார்டை 5.85 நொடிகளில் ஓடினார். எடையை 14 முறையே தூக்கினார். இதனால் மூன்றாம் சுற்றில் 83வது இடத்திற்குத் தள்ளப்பட்டார். ஆனால் அவரைத் தேர்ந்த பால்டிமோர் ரேவன்ஸ் அணியில் விரைவில் நிலையான இடம் பெற்றார். பின்னர் கான்சாஸ் சிட்டி சீஃப்ஸ் அணியுடன் 2023 பிப்ரவரியில் சூப்பர் பவுல் வென்றார்.

இட மாற்றம்

கல்லூரியில் டாக்கிளாக ஆடியவர் தொழில்முறையில் கார்டாக மாறுவது இயல்பு. நோட்ரடாம் பல்கலைக்கழகத்தின் இடது டாக்கிளான சாக் மார்ட்டினை 2014 இல் டாலஸ் கவ்பாய்ஸ் அணி 16வதாகத் தேர்ந்து வலது கார்டாக மாற்றியது. அவர் அவ்விடத்தில் தம் காலத்தின் தலைசிறந்தவருள் ஒருவரானார். மறுபுறம், அயோவா பல்கலைக்கழகத்தின் ராபர்ட் கேலரி 2004 இல் ஓக்லாந்து ரைடர்ஸ் அணியால் இரண்டாவதாகத் தேர்வாகி, டாக்கிளாக நிலைக்காமல் பின்னர் கார்டானார். முதலாமவரின் மாற்றம் திட்டமிட்டது. இரண்டாமவரின் மாற்றம் மதிப்பீடு தவறியதன் விளைவு.

வரம்புகள்

மேற்கண்ட எடுத்துக்காட்டுகள் அளவுகள் பயனற்றவை என்று காட்டுவன அல்ல. ஜோ தாமஸ் போன்றோர் உடலிலும் ஆட்டத்திலும் ஒருசேரச் சிறந்திருந்தனர். பதிவும் அளவும் முரண்படும்போதே தேர்வாளரின் திறன் சோதிக்கப்படுகிறது. மாண்டரிச்சின் உடல் பேசியதை அணி கேட்டது; பிரவுனின் ஆட்டம் பேசியதைப் பல அணிகள் கேட்கவில்லை. இத்தீர்ப்பு அணியின் வெற்றியை மட்டுமன்றி, பின்னால் நிற்கும் குவார்ட்டர்பேக்கின் உடல்நலனையும், இருபத்திரண்டு வயதளவிலான இளைஞர் ஒருவரின் வாழ்வையும் பாதிப்பதாகும். முதல் சுற்றில் தேர்வானவருக்கும் ஆறாம் சுற்றில் தேர்வானவருக்கும் ஊதியத்தில் பெரும் வேறுபாடு உண்டு. தவறிழைத்தால் கிடைக்கும் மறுவாய்ப்பிலும் அவ்வேறுபாடு உண்டு.

இவற்றையும் பார்க்கவும்

- அமெரிக்கக் காற்பந்தாட்டம்
- தேசியக் காற்பந்துக் கூட்டமைப்பு
- குவார்ட்டர்பேக்
- சூப்பர் பவுல்