கொல்லைப்புற வீடுகளின் தாக்க மதிப்பீடு (சியாட்டில்)

ஒரு வீடு இருக்கும் மனையில் தனிச் சமையலறையும் குளியலறையும் கொண்ட இன்னொரு சிறு குடியிருப்பைச் சேர்த்தால் தெருவில் என்னென்ன மாறும் என்று முன்கூட்டியே கணிப்பது துணைக் குடியிருப்புத் தாக்க மதிப்பீடு. அந்தக் குடியிருப்பு வீட்டோடு ஒட்டியிருந்தால் நம் பேச்சில் 'போர்ஷன்', தோட்டத்தில் தனியே நின்றால் 'அவுட்ஹவுஸ்'. அமெரிக்காவின் வாஷிங்டன் மாநிலத்தில் உள்ள சியாட்டில் நகரம் முதல் வகையை 1994இல் அனுமதித்தது. கொல்லைப்புற வீடு எனப்படும் இரண்டாம் வகை 2006இல் தென்கிழக்குப் பகுதிக்கும் 2009இல் நகர் முழுவதற்கும் அனுமதி பெற்றது.

அனுமதி கிடைத்தும் கட்டியவர்கள் குறைவு. செலவு ஒருபுறம், விதிகள் மறுபுறம். உரிமையாளர் ஆண்டில் ஆறு மாதமாவது அந்த மனையிலேயே குடியிருக்க வேண்டியிருந்தது. காருக்கு மனைக்குள் இடம் ஒதுக்க வேண்டியிருந்தது. கொல்லைப்புற வீட்டுக்கு மனை குறைந்தது 4,000 சதுர அடி இருக்க வேண்டியிருந்தது. நகர்மன்ற உறுப்பினர் மைக் ஓ'பிரையன் 2016இல் இவற்றைத் தளர்த்த முனைந்தார். இதனால் சுற்றுச்சூழலுக்குப் பெரிய பாதிப்பில்லை என்றது நகர நிர்வாகம். குவீன் ஆன் பகுதியின் சமூக மன்றம் அதை எதிர்த்து முறையிட்டது. 1971ஆம் ஆண்டின் மாநிலச் சுற்றுச்சூழல் சட்டப்படி முழுத் தாக்க அறிக்கை தேவை என்று 2016 டிசம்பரிலேயே விசாரணை அதிகாரி தீர்ப்பளித்தார்.

2018 அக்டோபரில் வெளியான இறுதி அறிக்கை வீட்டுவசதி, நிலப் பயன்பாடு, தோற்றம், வாகன நிறுத்தம், பொதுச் சேவைகள் ஆகியவற்றை ஆராய்ந்தது. அண்டை வீட்டாரின் கவலை பெரும்பாலும் தெருவோரக் காரைச் சுற்றியே இருக்கும். அதை அளக்கும் முறை எளிது: எல்லோரும் வீடு திரும்பியிருக்கும் இரவு நேரத்தில், சட்டப்படி நிறுத்தக்கூடிய இடங்களில் எத்தனை நிரம்பியிருக்கின்றன என்று எண்ணுவார்கள், வரப்போகும் குடியிருப்புகளின் கார்களை அதோடு கூட்டிப் பார்ப்பார்கள். நிழல், அண்டை வீட்டின் அந்தரங்கம், வெட்டப்படும் மரம் போன்றவை இப்படி எண்ணிக்கைக்குள் அடங்குவதில்லை. அவற்றுக்கு உயரம், எல்லையிலிருந்து விடும் இடைவெளி, மனையில் கட்டடம் மூடும் பரப்பு ஆகியவற்றின் வரம்புகளே கடிவாளம்.

அறிக்கையின் உயிர்நாடி வேறிடத்தில் இருந்தது. புதிய வீட்டை வெற்றுத் தோட்டத்தோடு ஒப்பிடுவது பொதுவான வழக்கம். ஆனால் சட்டம் கேட்பது, விதியை மாற்றாவிட்டால் அந்த மனையில் என்ன நடக்கும் என்ற ஒப்பீட்டை. தோட்டம் தோட்டமாகவே இருந்துவிடும் என்பதற்கு உத்தரவாதம் இல்லை. நிலம் விலையேறிய அந்நகரில் பழைய சிறு வீட்டை இடித்து, மனை கொள்ளும் மட்டும் பெரிய ஒற்றை வீடு எழுப்புவது ஏற்கெனவே நடந்துகொண்டிருந்தது. விதியை மாற்றாவிட்டால் பத்தாண்டுகளில் சுமார் 1,970 துணைக் குடியிருப்புகளும், பரிந்துரைத்தபடி மாற்றினால் சுமார் 4,430ம் உருவாகும் என்று அறிக்கை கணித்தது. அதைவிட முக்கியமானது, மாற்றினால் இடிக்கப்படும் வீடுகள் குறையும் என்ற முடிவு. அக்கம்பக்கத்தின் பழைய சாயலைக் காக்கவே முழு ஆய்வு கேட்டவர்களுக்கு இது கிணறு வெட்டப் பூதம் புறப்பட்ட கதை.

இறுதி அறிக்கையையும் எதிர்த்து முறையீடு போனது. 2019இல் அது தள்ளுபடியானது. அவ்வாண்டு ஜூலையில் நகர்மன்றம் ஒருமனதாகச் சட்டத்தை நிறைவேற்றியது. ஒரு மனையில் இரண்டு துணைக் குடியிருப்புகள் வர அனுமதி கிடைத்தது. உரிமையாளர் குடியிருக்க வேண்டிய கட்டாயமும் கார் இடக் கட்டாயமும் நீங்கின. கொல்லைப்புற வீட்டுக்கான குறைந்தபட்ச மனை 3,200 சதுர அடி, அவ்வீட்டின் உச்சப் பரப்பு 1,000 சதுர அடி என்றானது. புதிதாகக் கட்டும் முதன்மை வீட்டின் பரப்புக்கும் கூடவே உச்சவரம்பு வந்தது. இடித்துப் பெரிதாகக் கட்டும் ஆசையைத் தணிக்க வந்த இந்த வரம்பு, அறிக்கையின் ஒப்பீடு நேரடியாகத் தந்த பலன்.

அறிக்கை தீர்க்காத கேள்வி, கட்டும் வசதி யாருக்கு என்பது. கையில் காசோ கடன் பெறும் தகுதியோ இல்லாத வீட்டுக்காரருக்கு விதித் தளர்வு அதிகம் உதவாது. வாடகையும் தானாக மலிவாகிவிடாது. ஆயினும் தளர்வு சியாட்டிலோடு நிற்கவில்லை: 2023இல் வாஷிங்டன் மாநிலச் சட்டமன்றம், நகர்ப்புற வளர்ச்சி எல்லைக்குள் ஒரு மனைக்கு இரண்டு துணைக் குடியிருப்புகளை அனுமதிக்க நகரங்களைப் பணித்தது.