ஒரே அமர்வில் கிரவுன்: தொடக்கம் லியோனா, சூரிச்சா?

கணினியில் வடிவமைத்து அன்றே பொருத்தும் கிரவுனின் வரலாற்றைப் பிரான்சின் லியோன் நகரத்துப் பிரான்சுவா டூரேயிலிருந்து தொடங்குவதே வழக்கம். தகாஷி மியாசாகி குழுவினரின் 2009ஆம் ஆண்டு மதிப்பாய்வும் அவ்வாறே டூரே, சூரிச்சின் வெர்னர் மோர்மன், ஸ்வீடனின் மாட்ஸ் ஆண்டர்சன் என்று முன்னோடிகளை வரிசைப்படுத்துகிறது. பீங்கான் வேலையை ஒரே நாளில் முடிக்க வழிசெய்தவர் என்று மோர்மனைப் பாராட்டவும் செய்கிறது. ஆனால் புதிய தொழில்நுட்பத்தைச் சிகிச்சை நாற்காலிக்குக் கொண்டுவந்தவர் என்பதே அங்கு அவருக்குக் கிடைக்கும் இடம். இந்த வாசிப்பை ஏற்க இயலவில்லை. சூரிச்சில் நாற்காலியின் தேவைதான் முதலில் எழுந்தது. கணினி அதைத் தேடி வந்தது.

மோர்மனின் சிக்கல் கடைவாய்ப் பல்லின் குழி. பாதரசக் கலவைக்கு மாற்றாகப் பல் நிறத்தில் காம்போசிட் வைத்தால், இறுகும்போது அது சுருங்கி விளிம்பில் இடைவெளி விட்டது. வெளியில் இறுக்கிய துண்டைக் குழியில் ஒட்டினால் சுருக்கம் ஒட்டுப்பசையின் மெல்லிய படலத்தோடு நின்றுவிடும். 1982இல் அவர் காம்போசிட் இன்லே, அதாவது குழிக்குள் ஒட்டும் அத்தகைய துண்டு, பற்றி எழுதியது இந்த யோசனையின் சுவடு. அதே துண்டைப் பீங்கானில், நோயாளி எழுந்து போவதற்குள் செய்வது எப்படி என்பதற்குத்தான் மின்பொறியாளர் மார்கோ பிராண்டெஸ்டினியின் துணை தேவைப்பட்டது.

1985 செப்டம்பர் 19 அன்று சூரிச் பல்கலைக்கழகத்தில் பொருத்தப்பட்ட முதல் இன்லேயைச் சற்று நின்று பார்க்க வேண்டும். அதைச் செய்த செரெக் இயந்திரத்தில் கடையும் கருவி வைரத்துகள் பதித்த வட்டத் தகடு ஒன்றே. பீங்கான் கட்டி சுழன்றபடி முன்னே நகர, தகடு ஏறி இறங்கிப் பக்கங்களைத் தேய்த்தது. மெல்லும் பரப்பின் மேடுபள்ளங்களை அதனால் செதுக்க முடியாது. துண்டை ஒட்டிய பிறகு மருத்துவர் வாய்க்குள்ளேயே கையால் செதுக்கினார். மதிப்பாய்வு இதைக் குறையாகக் கருதுகிறது. எனக்கு இதுவே முதன்மைச் சான்று. பல்லின் முழு வடிவம் நோக்கமாக இருந்திருந்தால் இப்படியொரு கருவியைத் தேர்ந்திருக்க மாட்டார்கள். விளிம்பு பொருந்த வேண்டும், அன்றே முடிய வேண்டும். மற்றதைக் கை பார்த்துக்கொள்ளும். 1994இல் செரெக் 2இல் உருளை வைர முனை சேர்ந்த பிறகே முழுக் கிரவுன் அந்த இயந்திரத்துக்கு வசப்பட்டது.

இதற்கு வலுவான மறுப்பும் உண்டு. டூரே 1985 நவம்பரில் பாரிஸ் மாநாட்டில் பார்வையாளர் முன்னிலையில் தன் மனைவிக்குக் கிரவுன் செய்து பொருத்தினார். முதல் செயல்விளக்கத்தை 1983க்குக் கொண்டுபோவோரும் உண்டு; அது வேறு நிகழ்வாகவும் இருக்கலாம். எந்த ஆண்டை ஏற்றாலும், முழுக் கிரவுனில் டூரே முந்தியவர் என்பதை மறுக்க வழியில்லை. ஆயினும் முந்துவது வேறு, வழித்தோன்றல் வேறு. அவருடைய அமைப்பு பரவலாக வேரூன்றவில்லை. இன்று நாற்காலி அருகே நடக்கும் வேலையில், அமிலத்தால் அரித்து ஒட்டும் முறையும் ஆலையில் செய்துவரும் சிறு பீங்கான் கட்டியும் சூரிச் வழி வந்தவை. லித்தியம் டைசிலிகேட் கட்டியும் அந்த வழியில்தான் நிற்கிறது: பாதி படிகமான நிலையில் நீலமாக, எளிதில் கடையத் தக்கதாக வருகிறது, கடைந்தபின் ஏறக்குறைய 840 பாகை செல்சியஸ் வெப்பத்தில் சுட்டதும் பல் நிறமும் முழு வலிமையும் பெறுகிறது.

மெல்லும் பரப்பைக் கணினியே முன்மொழிவது மட்டும், பல்லின் முழு வடிவத்தையும் கணினியால் உருவாக்கும் டூரேயின் கனவுக்கு நெருக்கமானது. ஆல்பர்ட் மேல், வோல்கர் பிளான்ஸ் இருவரும் இயற்கைப் பற்களின் அளவீடுகளிலிருந்து உருவாக்கிய பொது மாதிரி அவரிடமிருந்து எதையேனும் பெற்றதா என்பதை, இப்போதுள்ள சான்றுகளைக்கொண்டு முடிவு செய்ய நான் துணியவில்லை.