வந்தவாசியும் வோல்டேரும்

வரலாற்றுத் தேர்வுக்கு ஆயத்தமாகும் மாணவர்கள் ஏழாண்டுப் போரை (1756–1763) பிரஷ்யாவோடு நிறுத்திக்கொள்கிறார்கள். வந்தவாசியை இந்தியத் தாளுக்கும் வோல்டேரை ஐரோப்பியத் தாளுக்குமாக நாம்தானே பிரித்து வைத்தோம்! மகேந்திரவர்மன் குடைவித்த சீயமங்கலக் குகைக்கோயிலுக்கு அணித்தே உள்ள வந்தவாசியும் அப்போரின் களமே. 1750இல் செஞ்சிக் கோட்டையை ஓரிரவில் கைப்பற்றிய புஸ்ஸி, 1760 சனவரி 22 அன்று இங்கே ஆங்கிலேயரிடம் சிறைப்பட்டார். மறு ஆண்டு சனவரியில் புதுச்சேரியும் ஏப்ரலில் செஞ்சியும் வீழ்ந்தன. பழி முழுவதும் படைத்தலைவர் லாலியின்மேல் விழுந்தது. 1766இல் பாரிசில் அவர் தலை கொய்யப்பட்டது. முடியாட்சியின் நீதிமுறையைச் சாடிவந்த வோல்டேர் இத்தீர்ப்பையும் எதிர்த்து எழுதினார். 1778இல் அரசவை அதனை நீக்கியபோது அவர் மரணப்படுக்கையில் இருந்தார். செய்தி அவருக்கு எட்டியது.