மருதநாயகம் துரோகியா, வீரரா? ஸ்ரீவில்லிபுத்தூர், ராஜபாளையம் பக்கம் ஒரு கதை, மதுரையில் வேறு கதை ஏன்?

மருதநாயகம் என்றதும் பலருக்கு நினைவுக்கு வருவது, 1997-ல் இரண்டாம் எலிசபெத் ராணி முன்னிலையில் கமல்ஹாசன் தொடங்கி, இன்னும் முடியாமல் நிற்கும் படம்தான். ஆனால் ராஜபாளையத்தில் இருந்து தென்காசி சாலையில் சிவகிரியைத் தாண்டிப் போய் இதே பெயரைச் சொன்னால், புலித்தேவரின் கோட்டைகளை இடித்தவர் என்பார்கள். மதுரையிலோ அவர் ஆங்கிலேயரை எதிர்த்த வீரர். எது உண்மை?

யார் இந்த மருதநாயகம்?

ராமநாதபுரம் சீமையின் பனையூரில் பிறந்தவர் என்று சொல்லப்படுகிறது. இஸ்லாத்தைத் தழுவி யூசுப் கான் ஆனார். சாதாரண சிப்பாயாகத் தொடங்கி, கிழக்கிந்தியக் கம்பெனியின் இந்தியச் சிப்பாய்களுக்கே தளபதியாக உயர்ந்தார். மக்கள் வாயில் அவர் 'கம்மந்தான் கான் சாகிப்'. அரச குடும்பம், பரம்பரைப் பாளையம் எதுவும் இல்லாத ஒருவர் 1759-ல் மதுரை, திருநெல்வேலிச் சீமைகளை நிர்வகிக்கும் இடத்துக்கு வந்தது அந்தக் காலத்தில் ரொம்ப அபூர்வம்.

இந்தப் பக்கம் ஏன் கோபம்?

ஆற்காடு நவாப் முகமது அலி, கம்பெனியிடம் பெரும் கடன் பட்டிருந்தார். அதை அடைக்கத் தெற்குச் சீமையின் வரி வேண்டும். பாளையக்காரர்கள் பலர் கப்பம் கட்ட மறுத்தார்கள். அதில் முன்னால் நின்றவர் நெற்கட்டும்செவல் புலித்தேவர். அவர்களை அடக்க அனுப்பப்பட்டவர்தான் யூசுப் கான்.

ஸ்ரீவில்லிபுத்தூர் கோட்டைக்காகவும் இரு தரப்பும் மோதின. 1759 கடைசியில் வாசுதேவநல்லூர்க் கோட்டையைத் தாக்கிய யூசுப் கானால் அதைப் பிடிக்க முடியவில்லை. 1761 மே மாதம் வாசுதேவநல்லூர், நெற்கட்டும்செவல் கோட்டைகள் அவரிடம் வீழ்ந்தன. இதை யாரும் மறுக்க முடியாது.

மதுரைக்கு ஏன் பிடிக்கும்?

மதுரையில் கோயில்களுக்கு மானியம் தந்தார், நெசவாளர்களுக்கு ஆதரவு கொடுத்தார் என்ற பெயர் அவருக்கு உண்டு. கான்சாமேட்டுத் தெரு இன்றும் அவர் நினைவைச் சொல்கிறது. அவர் போரைப் பாடும் 'கான்சாகிபு சண்டை' என்ற கதைப்பாடலும் இருக்கிறது.

கம்பெனியோடு மோதியது ஏன்?

யூசுப் கானின் செல்வாக்கு நவாபின் கண்ணை உறுத்தியது. அவர் தனக்குக் கீழேதான் இருக்க வேண்டும் என்றார் நவாப். கம்பெனிக்குக் கட்டுப்படுகிறேன், நவாபுக்கு முடியாது என்பது யூசுப் கானின் நிலை. கடனைத் திருப்பித் தர வேண்டியவர் நவாப் என்பதால் கம்பெனி நவாப் பக்கம் சாய்ந்தது. 1763-ல் யூசுப் கான் பிரெஞ்சுக் கொடியை ஏற்றினார்.

அதே ஆண்டு தொடங்கிய முதல் முற்றுகையில் மதுரைக் கோட்டை விழவில்லை. 1764-ல் உணவு வரும் வழிகள் அடைக்கப்பட்டன. கடைசியில் கூட இருந்தவர்களே அவரைப் பிடித்துக் கொடுத்தார்கள். அக்டோபர் 15-ம் தேதி மதுரை அருகே தூக்கிலிடப்பட்டார். சம்மட்டிபுரத்தில் அவர் தர்கா இருக்கிறது.

அப்போ, துரோகியா வீரரா?

இரண்டு பக்கமும் சொல்வது நடந்ததுதான். பார்க்கிற ஆண்டுதான் வேறு. ராஜபாளையத்துக்குத் தெற்கே 1761 நினைவில் நிற்கிறது. மதுரையில் 1764. ஆங்கிலேய வரலாற்றாசிரியர் எஸ்.சி. ஹில் 1914-ல் எழுதிய நூலின் தலைப்பிலேயே அவரைக் 'கலகக்காரத் தளபதி' என்றார். அது கம்பெனிப் பக்கத்துப் பார்வை.

இதில் கவனிக்க வேண்டியது ஒன்று. 1763-ல் கம்பெனிக்கு எதிராக அவருக்குத் துணை தேவைப்பட்டபோது, ராமநாதபுரமும் சிவகங்கையும் நவாப் பக்கம் நின்றன. கம்பெனியை முதலில் எதிர்த்த புலித்தேவரின் பலத்தை யூசுப் கானே இரண்டு வருடம் முன்பு உடைத்திருந்தார்.

இன்று புலித்தேவருக்கு நெற்கட்டும்செவலில் அரசு நினைவு மாளிகை இருக்கிறது. அவரைப் போற்ற யூசுப் கானின் கடைசி இரண்டு ஆண்டுகளை மறைக்க வேண்டியதில்லை. யூசுப் கானைப் போற்ற வாசுதேவநல்லூரை மறக்கவும் வேண்டியதில்லை.