சிறிய அணியும் குறுகிய எண்ணும்: இருமத் தேடலைச் சோதிக்கும் முறை

இருமத் தேடலின் கருத்தை ஜான் மாக்லி 1946ஆம் ஆண்டிலேயே எடுத்துரைத்தார். எல்லா நீள அணிகளுக்கும் பிழையின்றி இயங்கும் வடிவம் அச்சில் வந்ததோ 1960களில்தான். 1988இல் ரிச்சர்ட் பாட்டிஸ் 20 பாடநூல்களை ஆராய்ந்தபோது ஐந்தில் மட்டுமே சரியான நிரல் இருந்தது. சில வரிகளில் அடங்கும் செயற்கூறு இத்தனை பேரிடம் தவறியிருக்கிறது என்றால், அதைச் சோதிக்கும் முறையையும் ஆராய வேண்டும்.

பெரிய அணியொன்றை உருவாக்கி, தற்போக்கில் சில எண்களைத் தேடிப் பார்ப்பது வழக்கம். இது வலுவற்ற சோதனை என்பது என் வாதம். இச்செயற்கூறு உறுப்புகளின் மதிப்பை அறியாது. தேடும் எண் சிறிதா, சமமா, பெரிதா என்ற ஒப்பீட்டின் விடையை மட்டுமே அறியும். ஆகவே வெவ்வேறான n உறுப்புகள் கொண்ட அணியில் 2n+1 நிலைமைகளே உண்டு: n உறுப்புகள், இடையிலும் இரு முனைகளுக்கு வெளியிலுமாக n+1 இடைவெளிகள். அணியில் 1, 3, 5 என ஒற்றை எண்களை நிரப்பி, 0 முதல் 2n வரை ஒவ்வொன்றையும் தேடினால் அந்நீளத்தில் சோதிக்க எதுவும் மிச்சமில்லை. இதை மாதிரிச் சோதனை என்பதைவிட நிறுவல் என்பதே பொருந்தும். நீளம் 0 முதல் 32 வரை முழுவதையும் முடிக்க 1,089 தேடல்கள் போதும்.

வழக்கமான பிழைகள் மிகச் சிறிய நீளங்களிலேயே அகப்பட்டுவிடுகின்றன. இரு முனைகளும் எல்லைக்குள் அடங்கும் வடிவில், மடக்கின் நிபந்தனையில் 'சமம்' விடுபட்டால் ஓருறுப்பு அணியே காட்டிக்கொடுக்கும். கீழெல்லையை நடுவுக்கு அடுத்த இடத்துக்கு நகர்த்தாமல் நடுவிலேயே வைத்தால், அதே அணியில் பெரிய எண்ணைத் தேடும்போது மடக்கு முடிவதே இல்லை. எனவே ஒவ்வொரு தேடலுக்கும் கால வரம்பு தேவை. மேலெல்லையை n எனத் தொடங்கிய பிழைக்கு வெற்று அணி போதும்: நிரல் இல்லாத உறுப்பைப் படிக்கப் போகும்.

விடை சரியாக இருந்தால் மட்டும் போதாது. முதலிலிருந்து வரிசையாகத் தேடும் நிரலும் அந்த 1,089இலும் தேறிவிடும். ஆகவே சுற்றுகளையும் எண்ண வேண்டும். 1,000 உறுப்புகளுக்கு 10 சுற்றுகளைத் தாண்டினால் அது இருமத் தேடல் அன்று. ஒரே மதிப்பு பலமுறை வரும் அணிகளில் எந்த இடம் கிடைக்கும் என்று ஜாவா நூலகம் உறுதி தருவதில்லை. அங்கே குறிப்பிட்ட ஒரு சுட்டெண்ணை எதிர்பார்க்கும் சோதனைதான் தவறு.

இம்முறைக்கு வலுவான மறுப்பு ஒன்று உண்டு. ஜாவா நூலகத்தில் ஏறத்தாழ ஒன்பது ஆண்டுகள் கிடந்த பிழையை ஜோஷுவா பிளாக் 2006இல் எழுதி வெளிப்படுத்தினார். இரு எல்லைகளையும் கூட்டி இரண்டால் வகுக்கும் வரி அது. தொகை 2,147,483,647ஐத் தாண்டினால் 32 பிட் முழு எண் எதிர்க்குறிக்குப் புரண்டுவிடும். ஜான் பென்ட்லி தம் நூலில் சரியென நிறுவிய நிரலிலும் இதே பிழை இருந்தது. எண்களுக்கு வரம்பில்லை என்று அந்நிறுவல் கொண்டிருந்தது. இதைக் காண 107 கோடிக்கு மேற்பட்ட உறுப்புகள் வேண்டுமே, சிறிய அணி என்ன செய்யும்?

அணியைப் பெருக்க வேண்டியதில்லை, எண்ணைச் சுருக்கலாம். சுட்டெண்ணை 8 பிட் ஆக்கினால் உச்சவரம்பு 127. பழைய வரி 64 உறுப்புகள் வரை பிழையின்றி ஓடும். 65இல், கடைசி உறுப்பைத் தேடும் ஏழாம் சுற்றில் இரு எல்லைகளும் 64 ஆகின்றன. தொகை 128 ஆகாமல் -128 ஆகிறது, நடு -64. சி, ஜாவா இரண்டும் சிறிய எண்களைத் தாமாகவே விரித்துக் கூட்டுவதால், தொகையையும் 8 பிட்டுக்குள் அடக்கிவிட வேண்டும். மறந்தால் சோதனை பொய்யாகத் தேறும்.

கீழெல்லையோடு இடைவெளியின் பாதியைக் கூட்டும் திருத்திய வரி 127 உறுப்புகள் வரை தாங்குகிறது. 128இல், எல்லாவற்றினும் பெரிய எண்ணைத் தேடும்போது, நடுவோடு 1 கூட்டும் அடுத்த வரி புரள்கிறது. ஜாவாவில் அணியின் நீளமே சுட்டெண்ணின் வகையில் அடங்குவதால் அந்நிலை எழாது; நீளத்தை அகன்ற வகையிலும் சுட்டெண்ணைக் குறுகிய வகையிலும் வைக்கும் நிரல்களில் இந்த 128ஆம் நீளமும் சோதனையில் இருந்தாக வேண்டும்.