கீழ்த்தாடை ஒற்றை எலும்பு

இரண்டு காதுக்கும் முன்னால் விரலை வைத்து வாயைத் திறந்து மூடிப் பாருங்கள். இரண்டு பக்க மூட்டும் சேர்ந்தேதான் அசையும். ஒரு பக்கத்துக்கு மட்டும் லீவு கொடுக்க முடியாது. கீழ்த்தாடை நடுவில் இணைப்பே இல்லாத ஒற்றை எலும்பு. பிறக்கும்போது இரண்டு பாதியாக இருப்பது, முதல் வயதிலேயே மோவாயில் ஒட்டிவிடுகிறது.

ஒரு மண்டையோட்டைப் பார்த்தாலே இது தெரிஞ்சிடுமே என்று தோன்றும். ஆனால் மருத்துவ உலகம் ஆயிரம் வருஷத்துக்கு மேல் அதை இரண்டு எலும்பு என்றே படித்தது. இரண்டாம் நூற்றாண்டில் கேலன் அப்படி எழுதிவைத்துவிட்டார். அவர் அறுத்துப் பார்த்தது பெரும்பாலும் குரங்கு, பன்றி, ஆடு. மாட்டுக்கும் நாய்க்கும் தாடைப் பாதிகள் கடைசிவரை முழுசாக ஒட்டுவதில்லை. இத்தனைக்கும் வழியோரம் கிடந்த ஒரு திருடனின் எலும்புக்கூட்டைப் பார்த்ததாகக் கேலனே சொல்கிறார்.

அப்துல் லத்தீஃப் அல்-பாக்தாதி 1162-ல் பாக்தாத்தில் பிறந்த மருத்துவர். அவர் எகிப்தில் இருந்தபோது நைல் பொய்த்தது. 1201-லும் 1202-லும் கொடும் பஞ்சம். அவரிடம் படித்த மாணவர்களுக்கு எலும்பியல் ஏட்டிலிருந்து புரியவில்லை. அல்-மக்ஸ் என்ற இடத்தில் பிணங்கள் குன்றாகக் குவிந்து கிடப்பதாகக் கேள்விப்பட்டு அங்கே போகிறார்கள். இருபதாயிரத்துக்கும் மேல் இருக்கும் என்பது அவர் மதிப்பு. அவரும் மற்றவர்களும் பார்த்த மண்டையோடுகள் இரண்டாயிரத்துக்கும் அதிகம். ஒன்றில்கூடத் தாடையில் இணைப்பு இல்லை. கேலன் எவ்வளவு பெரிய ஆளாக இருந்தாலும் கண் சொல்வதையே நம்ப வேண்டும் என்று எழுதிவிட்டார்.

இந்த இடத்தில் அறிவியலின் வெற்றி என்று கைதட்ட எனக்கு மனசு வரவில்லை. அதே நூலில், சில பக்கங்கள் முன்னால்தான், பசியில் பெற்றவர்களே பிள்ளைகளைத் தின்றதை எழுதியிருக்கிறார். தாடை பற்றிச் சொல்லும்போதும் அதே நிதானம், அதே குரல். அந்த நிதானத்தை மதிக்கிறேன். ஆனாலும் உடம்பு கூசுகிறது.

அது மருத்துவ நூலும் இல்லை. எகிப்தின் செடிகள், விலங்குகள், பிரமிடுகள் பற்றிய நூலுக்குள் இந்தத் தாடை மாட்டிக்கொண்டது. வைத்தியர்கள் கேலனையே தொடர்ந்து படித்தார்கள். 1543-ல் வெசாலியஸ் இதையே மறுபடி சொன்னபோது லத்தீஃபின் நூல் லத்தீனில் வந்திருக்கவில்லை, வந்தது 1800-ல்.

வெசாலியஸுக்கு எலும்புகள் கிடைத்தது கல்லறைகளிலும் தூக்குமரத்தடியிலும். அதே 1543-ல் பாசலில் மரண தண்டனை பெற்ற ஒருவனின் எலும்புகளை அவர் கோர்த்து நிறுத்திய கூடு, அந்த ஊர் உடற்கூறு அருங்காட்சியகத்தில் இன்றும் நிற்கிறது. யாக்கோப் கார்ரர் என்பது அவன் பெயர். அல்-மக்ஸில் கிடந்தவர்களுக்கு லத்தீஃப் எண்ணிக்கை மட்டும்தான் எழுதினார்.