பாலூட்டும் வேளையை வகுத்தவர் யார்?

திருக்குர்ஆனின் அல்பகரா அத்தியாயம், 233ஆம் வசனத்தில், பாலூட்டலுக்கு முழுமையாக இரண்டு ஆண்டுகளைக் குறிப்பிடுகிறது. அதற்கு முன்பே பால்குடி மறக்கச் செய்வதைப் பெற்றோர் இருவரின் இசைவுக்கும் கலந்தாலோசனைக்கும் விட்டுவிடுகிறது. நாளில் எத்தனை முறை, எந்த வேளையில் என்று அங்கே ஏதுமில்லை. அந்த இடத்தைப் பின்னாளில் மருத்துவர்களும் முதலாளிகளும் நிரப்பினர். நம்மவரும் இதற்கு விலக்கல்லர். தாய்ப்பாலையே வலியுறுத்திய இப்னு ஸீனா (980-1037), 'அல்கானூன்' நூலில், நாளைக்கு இரண்டு மூன்று முறை ஊட்டினால் போதும் என்றே கருதினார்.

தொட்டிலருகே கடிகாரத்தை வைத்தவர் நியூசிலாந்து மருத்துவர் ட்ரூபி கிங். 1907இல் அவர் தொடங்கிய சங்கம் நான்கு மணிக்கு ஒருமுறை பால், இரவில் கிடையாது என்ற முறையைப் பரப்பிற்று. உடலின் இயல்போ வேறு. குழந்தை குடிக்கக் குடிக்கவே பால் ஊறும். மார்பில் தேங்கினால் சுரப்பு குறையும். பிறந்த குழந்தை நாளில் எட்டு முதல் பன்னிரண்டு முறை கேட்கும். நேரம் பார்த்து மறுத்தால் பால் குறைகிறது; 'பால் போதவில்லை' என்று புட்டிப்பால் வீட்டுக்குள் நுழைகிறது. 1989இல்தான் உலகச் சுகாதார நிறுவனமும் யுனிசெஃபும் குழந்தை கேட்கும்போதெல்லாம் ஊட்டுவதைத் தம் பத்து நெறிகளுள் ஒன்றாக்கின.

மதுரையில் உழைக்கும் தாய்க்கு நேரம் வகுத்தது மருத்துவ நூல் அன்று, ஆலைச் சங்கு. 19ஆம் நூற்றாண்டின் இறுதியில் இங்கே ஹார்வி ஆலை எழுந்தது. 1948ஆம் ஆண்டுத் தொழிற்சாலைச் சட்டம் பெண்கள் மிகுந்த ஆலைகளில் குழந்தைக் காப்பகத்தைக் கட்டாயமாக்கிற்று. 1961ஆம் ஆண்டு மகப்பேற்று நலச் சட்டம் குழந்தைக்குப் பதினைந்து மாதம் ஆகும்வரை நாளுக்கு இரண்டு இடைவேளை அளித்தது. இப்னு ஸீனாவின் கணக்கே சட்டமாகத் திரும்பியதுபோல் நமக்குத் தோன்றுகிறது! சட்டத்துக்குக் காரணமோ வேலை நேரம்.

மேலூர், வாடிப்பட்டிப் பக்கத்து நடவுப் பெண்ணுக்கு இதுவுமில்லை. வரப்போரத் தூளியில் அழுகுரல் கேட்டால், வேலை வாங்குபவரின் முகம் பார்த்தே அவள் கரையேற வேண்டியிருந்தது.

பாலூட்டும் தாய், குழந்தைக்குக் கேடு வருமென அஞ்சினால், ரமளான் நோன்பையே விட்டுப் பின்னர் நிறைவேற்ற ஷரீஅத் இடமளிக்கிறது. கடமையான வணக்கமே குழந்தையின் பசிக்காகத் தள்ளிவைக்கப்படும்போது, கடையின் நேரம் எம்மாத்திரம்? மாசி வீதிகளில் கடை நடத்தும் நம் வணிகர்களை எண்ணியே இதைக் கேட்கிறோம். 2017ஆம் ஆண்டுத் திருத்தம் ஐம்பது பேருக்குக் குறையாத நிறுவனங்களில் காப்பகத்தையும், அங்கே தாய் நாளுக்கு நான்கு முறை சென்றுவருவதையும் உரிமையாக்கியது. நம் கடைகளிற் பெரும்பாலானவை அந்த எண்ணிக்கையை எட்டாதவை. அங்கு நிற்கும் தாய்க்குக் கிடைப்பது அந்தப் பழைய இரண்டு இடைவேளைதான், அதுவும் கேட்டால்.